தலைகீழாய் ஒட்டிய முத்திரை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் அக்கா நலம். மடிக்கணினி நலமில்லை. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் இரும்புக் கடையும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொருள்: தாங்கள் தங்கள் அக்காவுக்கு அன்பளிப்பாக அனுப்பிய மடிக்கணினிக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது தொடர்பாக.

பார்வை: தங்கள் பெயரில் உள்ள பில்.

ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் பொருளும் பார்வையும் போடாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. நிச்சயமான பிறகு தங்கள் அக்காவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இந்த இரண்டு வரிகளும் இருந்தன. அவள் அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அன்பினால் என்று எண்ண வேண்டாம், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிச் சிரிப்பதற்கு.

பதினோரு வருடமாகத் தங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தங்கள் கடை மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது என்பதும், நான் மருந்துக் கடைக்குப் போவதானாலும் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறேன் என்பதும் தங்களுக்குத் தெரியும். இப்போது எழுத வேண்டி வந்தது பில் தங்கள் பெயரில் இருப்பதால். பில்லில் பெயர் உள்ளவர் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். "நீதான் போய்க் கேளேன்" என்று தங்கள் அக்காவிடம் சொன்னேன். "உடைச்சது நீங்க, நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அன்றைக்குப் பாத்திரங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தங்கள் அக்கா தினமும் சாயங்காலம் அந்த மடிக்கணினியில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறாள் அல்லவா, போன மாதம் திடீரென்று அதற்குள்ளிருக்கும் விசிறி கர்ரென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு பிள்ளை, "மிஸ், உங்க வீட்டுல மாவு மில்லு ஓடுதா?" என்று கேட்டது. இன்னொன்று, "இல்லடா, மிஸ் வீட்டு சார் குறட்டை விடுறாரு" என்றது. நான் எதிர் நாற்காலியில் கண்ணை முழுசாகத் திறந்துகொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்க என்னால் முடியாது, தங்களுக்கே தெரியும். நானே திறந்து பார்த்துவிடுகிறேன் என்றேன். அதற்குத் தங்கள் அக்கா, "வாரண்டி இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, குடுத்துப் பாக்கலாம். ஏதாவது நோண்டணும்னா தம்பி கடையில சரியான ஸ்குரூ டிரைவராவது வாங்கிட்டு வந்து நோண்டுங்க" என்றாள். தங்கள் கடைக்கு நான் எந்த முகத்தோடு வருவது? மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் குண்டூசி பருமனுக்கு ஒரு திருப்புளி கிடந்தது. அதுவே போதும் என்று இறங்கிவிட்டேன்.

வேலையை முறைப்படிதான் செய்தேன். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, உருப்படி ஒன்று, உருப்படி இரண்டு என்று பறிமுதல் பட்டியல் மாதிரி அடுக்கினேன். மொத்தம் ஒன்பது. கடைசித் திருகாணியின் மேல் அரை நகம் அளவுக்கு ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. விலைச் சீட்டு போலிருக்கிறது என்று நகத்தால் சுரண்டி எடுத்தேன். உள்ளே ஒரு பூனைக்குட்டி செய்கிற அளவுக்குத் தூசி. பழைய ஷேவிங் பிரஷால் பக்குவமாகத் தட்டி, எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு எண்ணிப் பார்த்தால் திருகாணி ஒன்பதும் இருந்த இடத்தில் இருக்கிறது, சீட்டு மட்டும் எட்டுதான் இருக்கிறது. சீட்டுதானே, போகிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் அந்த வெள்ளைக் காகிதத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 'இம்முத்திரை அகற்றப்பட்டால் உத்தரவாதம் செல்லாது.' எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்தியவன் நான். ஊரே எனக்கு 'சீல் சார்' என்று பேர் வைத்திருந்தது. அந்த நான் ஒரு முத்திரையை விலைச் சீட்டு என்று நினைத்துச் சுரண்டியிருக்கிறேன்.

அடுத்து செய்ததை எழுதக் கை கூசுகிறது. பசை தடவி அதைத் திரும்ப ஒட்டினேன். ஒட்டிவிட்டு மடிக்கணினியைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் சூடேறி, கூடவே உயிரும் போய்விட்டது.

சர்வீஸ் சென்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆறாவது கேள்வி: 'சாதனத்தை வேறு எவரேனும் திறந்தனரா?' பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. தங்கள் அக்காவின் ஒன்பது பிள்ளைகளை நினைத்துக்கொண்டு 'இல்லை' என்று டிக் அடித்தேன். என் கையெழுத்துக்கு மேலே ஒரு பொய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கே பழுது பார்க்கிறவர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். மடிக்கணினியைத் திருப்பி ஒரு பார்வைதான் பார்த்தார்.

"சார், இந்த ஸ்டிக்கர் தலைகீழா இருக்கு."

"கம்பெனியிலயே தப்பா ஒட்டியிருப்பாங்கம்மா."

அவர் என் கண் முன்னாலேயே திறந்தார். விசிறியின் இறக்கைக்கு நடுவிலிருந்து இடுக்கியால் ஒரு துண்டுச் சீட்டை உருவி, என் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். 'உருப்படி 7.'

"இந்த 'உ'வும் ஃபார்ம்ல நீங்க எழுதியிருக்கிற 'உ'வும் ஒரே மாதிரி சுழிச்சிருக்கே சார்."

உண்மையைச் சொன்னால், அவமானத்துக்கு முன்னால் எனக்கு அந்தப் பெண் மேல் மரியாதைதான் வந்தது. என் துறையில் இப்படி ஒருவர்கூட எனக்குக் கீழே வேலை பார்த்ததில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தூசி தட்டத்தாம்மா திறந்தேன். கெடுக்கணும்னு திறக்கலை" என்றேன்.

"எதுக்குத் திறந்தீங்கன்னு கேக்கலை சார். திறந்தீங்களா இல்லையான்னுதான் கேக்கறேன்."

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அது என்னுடையது. முப்பத்தொரு வருடம் எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் நீங்கள்.

அன்றைக்கு உங்கள் கடையில் ஒரு கொத்தனாரும் இரண்டு தச்சர்களும் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் நீங்கள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வாங்க அத்தான், உக்காருங்க" என்றீர்கள். ஆணி நிறுக்கிற தராசில் ஈய முத்திரை அறுந்திருந்தது. "ஒரு ஆணி உள்ள விழுந்துடுச்சு அத்தான், எடுக்கத்தான் திறந்தேன்" என்றீர்கள். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்புறம், இங்க அத்தான் யாரும் இல்ல. சார்னு சொல்லுங்க" என்றும் சொன்னேன். தச்சரில் ஒருவர் சிரித்துவிட்டார். உங்கள் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன்.

அன்றிலிருந்து நீங்கள் சொன்னபடி கேட்டுவிட்டீர்கள். போனில் நான் எடுத்தால், "சார், அக்காகிட்ட குடுங்க சார்" என்பீர்கள். உங்கள் பிள்ளைகள்கூட என்னை 'சார் மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்களாம், தங்கள் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரித்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். பதினோரு வருடமாக என் வீட்டு வாசற்படியை நீங்கள் மிதிக்கவில்லை. தம்பியைப் பார்க்க வேண்டுமென்றால் அவள்தான் நடக்கிறாள். மடிக்கணினியைக்கூட ஒரு டெலிவரி ஆள்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தராசை ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். இம்மி பிசகவில்லை. எடை சுத்தமாக இருந்தது. அதை நான் அறிக்கையில் எழுதவில்லை, அப்படி எழுத அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாவிட்டால் என்ன, உங்களிடம் வாயால் சொல்லியிருக்கலாமே என்று சர்வீஸ் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. என்னைப் பற்றியும் அந்தப் படிவத்தில் 'திறந்தார்' என்றுதான் எழுதப்போகிறார்கள். தூசி எவ்வளவு இருந்தது என்று எழுத அதிலும் இடம் இல்லை.

கடைசியாக ஒரு அஸ்திரம் விட்டுப் பார்த்தேன். "உங்க அப்பாவா இருந்தா இப்படிச் சொல்லுவியாம்மா?" என்றேன். அந்தப் பெண், "எங்க அப்பாவே வந்தாலும் இதேதான் சார் சொல்லுவேன். ஆனா முதல்ல ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லுவேன்" என்றார். சொல்லிவிட்டு நிஜமாகவே எழுந்து போய் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். பிறகுதான் படிவத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். சட்டத்தில் ஒரு எழுத்துகூட வளையவில்லை, டீயும் சூடாக இருந்தது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைக்க முடியும் என்று எனக்கு வேலையில் இருந்தவரை யாரும் சொல்லித்தரவில்லை, எனக்குத் தானாகவும் தோன்றவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது என் திட்டம் வேறு. 'வாங்கும்போதே முத்திரை தலைகீழாகத்தான் இருந்தது' என்று உன்னை ஒரு வரி எழுதித் தரச் சொல்லலாம் என்று இருந்தேன். (எந்த இடத்தில் 'தாங்கள்' போய் 'நீங்கள்' வந்து, இப்போது 'நீ'யில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. அடித்துத் திருத்தப் போவதில்லை. மன்னித்துக்கொள்.) சுத்தமான தராசு வைத்திருந்தவனைப் போய் எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எழுதித் தராதே. உத்தரவாதம் போனால் போகட்டும். அன்றைக்கு முத்திரை அறுந்ததற்கு நான் வழக்குப் போட்டது சரிதான், இன்றைக்கும் போடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் 'அத்தான் யாரும் இல்லை' என்று சொல்லச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை. அது நானாகச் சேர்த்தது. தப்பு என்னுடையது, தம்பி.

ஒரே ஒரு உபகாரம் செய். கடையிலிருந்து சின்னதாக ஒரு நல்ல திருப்புளி எடுத்துக்கொண்டு நேரில் வா. லேப்டாப்பை இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம். இனி இழக்க அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. வழக்குப் பொருளைத் தொடக்கூடாது என்று துண்டில் சுற்றி அலமாரி மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் வீட்டில் தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் கணக்கிலும் குணத்திலும் சிறந்து, எடை குறையாமல் நீடூழி வாழ என் ஆசிகள். கடை கண்ணி தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சார் (அடித்துவிட்டேன்)
அத்தான்

பி.கு.: உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், எழுத்து நெருக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள். கடிதத்தை மடித்து உள்ளே வைத்ததும் உன் அக்கா பிடுங்கி எச்சில் தொட்டு ஒட்டிவிட்டாள். ஒட்டிய பிறகு நிதானமாகச் சொல்கிறாள், லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறதாம். சர்வீஸ் சென்டரில் விசிறியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தபோதே சரியாகிவிட்டதாம், தூசி போனதால் சத்தமும் இல்லையாம். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு நாளாகப் பாடம் எடுத்திருக்கிறாள். அலமாரி மேல் துண்டுக்குள் நான் காவல் காத்தது காய்கறி நறுக்குகிற பலகையாம். "ஏன்டி சொல்லலை?" என்றால், "சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?" என்கிறாள். ஆகவே பில் வேண்டாம், திருப்புளி வேண்டாம், உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமே இல்லை. கடிதத்தை வெளியே எடுத்துக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஒட்டிய ஒன்றைப் பிரிக்க இனி எனக்குத் தைரியம் இல்லை. அவள் உன் கடைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள், உறையைக் கேட்கிறாள். நீ பிரிக்கலாம். எதற்குத் திறந்தாய் என்று நான் கேட்க மாட்டேன்.