நாற்காலியில் ஒரு ஊர்

பல் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால், எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

உட்கார்ந்தபோது 'மொறுக்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சின்னச் சின்னதாக நாலைந்து 'மொறுக்'. அத்தோடு மூச்சைப் பிடித்துக்கொண்டவர்தான், ஐந்து நிமிஷம் ஆகிறது. பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது ஊர். அவர் மனைவி காகிதத்திலேயே செய்த ஊர்.

"அந்த ரூம் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க!" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அவள் வெளியே போயிருந்தாள். மனுஷர் போன் சார்ஜரைத் தேடிக்கொண்டு நுழைந்தார். மேஜை முழுக்க விடுமுறைக் காலத்து வாழ்த்து அட்டைகள் பசை காய்ந்துகொண்டிருந்தன. சார்ஜரை மாட்டினார். போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் இருந்த நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

ஒன்பது வருஷமாக அவள் அட்டை செய்கிறாள். திறந்தால் எழுந்து நிற்கும் வீடு, இழுத்தால் சிறகடிக்கும் பறவை, நூல் கட்டித் தொங்கவிடும் நட்சத்திரம். வாங்கிக்கொண்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் "அய்யோ, எவ்வளவு அழகு!" என்பார்கள். அடுத்த தடவை போனால் அதன்மேல் சுடுபாத்திரம் உட்கார்ந்திருக்கும். அவள் அடுத்த அட்டைக்குக் காகிதம் வெட்ட ஆரம்பிப்பாள். இப்போதுதான் முதல்முறையாக, வெளியாள் ஒருவர் அவளைத் தேடி வருகிறார். எட்டுக் கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் அம்மாள். ஊர் பிடித்துப்போனால் எட்டுக் கடைக் கண்ணாடி ஜன்னலிலும் இந்த விடுமுறைக்கு அவள் கைவேலைதான்.

"இதுவும் நடக்கலைன்னா கத்தரிக்கோலைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு சும்மா இருந்துடுவேங்க," என்று நேற்று சொன்னாள். அழவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் டாக்டருக்குப் பயமாக இருந்தது. அவள் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. கத்தரிக்கோலைப் பரணில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

மணி இரண்டு. அந்த அம்மாள் வருவது நாலு மணிக்கு.

டாக்டர் உடம்பை அசைக்காமல் கையை மட்டும் நீட்டி போனை எடுத்தார். மாடியில் வீடு, கீழே க்ளினிக். மத்தியானம் க்ளினிக் சாத்தியிருந்தாலும் நர்சம்மா உள்ளே கருவிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்.

"நர்சம்மா, கொஞ்சம் மேல வாங்க."

"என்ன டாக்டர், குரலே சரியில்ல?"

"வாங்களேன். வரும்போது சின்னக் குறடு எடுத்துட்டு வாங்க."

பதினாலு வருஷமாக அவரோடு வேலை பார்க்கும் நர்சம்மா எதற்கும் பதறாதவர். வாசலில் நின்று பார்த்தார். டாக்டரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், நாற்காலியின் இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்த கூரைகளையும் பார்த்தார்.

"எந்திரிங்க டாக்டர்."

"பயமா இருக்கும்மா."

"ஒண்ணும் வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றார் நர்சம்மா. டாக்டர் தினம் முப்பது பேரிடம் சொல்லும் பொய் அது. தனக்கே திரும்பி வந்தபோதுதான் அது எவ்வளவு பச்சைப் பொய் என்று அவருக்குத் தெரிந்தது.

எழுந்தார். ஊரில் பாதி நாற்காலியில் இருந்தது. மீதி அவர் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க," என்று நர்சம்மா குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். "ஜன்னல்... இதுவும் ஜன்னல்... இது என்ன, விளக்குக் கம்பமா? கதவு ஒண்ணு. டாக்டர், உங்க பேண்ட்ல ஒரு தெருவே இருக்கு."

"சிரிக்காதீங்க நர்சம்மா, எனக்கு உயிர் போகுது."

நீலச் சுவர், மஞ்சள் சுவர், சிவப்புக் கூரை என்று நிறம் நிறமாக இருந்த ஊர் இப்போது தோசைக்கல்லில் வைத்து அமுக்கியதுபோல் இருந்தது. மணிக்கூண்டு குப்புறக் கிடந்தது. பாலம் இரண்டாக உடைந்திருந்தது.

"சுவரெல்லாம் கசங்கிப்போச்சு. ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டா நிமிந்துடும்," என்றார் நர்சம்மா. "எங்க வீட்ல திரைச்சீலைக்கு அப்படித்தான் செய்வேன்."

காகிதம் திரைச்சீலை இல்லை என்பது இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் இருவருக்கும் உறைத்தது. சுவர் நிமிர்ந்திருந்தது, வாஸ்தவம். ஆனால் நீலச்சாயம் கிளம்பி மஞ்சள் வீட்டுக்குள் போயிருந்தது. மஞ்சள் வீடு பச்சையாகியிருந்தது.

"வெள்ளம் வந்த ஊர்னு சொல்லிடலாமா டாக்டர்?"

"விடுமுறை வாழ்த்து சொல்ற ஊர்ல எதுக்கும்மா வெள்ளம்?" டாக்டருக்கு அழுகை முட்டியது. "முதல்ல இதைக் காய வைங்க. தலைமுடி காய வைக்கிற மெஷின் இருக்கு, எடுங்க."

மெஷின் சூடான காற்றை ஊதியது. கூரைகள் நாலு ஓரமும் சுருண்டு அப்பளமாயின. தெருவிளக்குகளுக்கு மேலே நூலில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு காகிதப் பறவைகளும் ஒரே மூச்சில் பறந்தன. ஏழு பறவைகள் பீரோவுக்குப் பின்னால் போயின. ஐந்து பறவைகள் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே போய்விட்டன.

டாக்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கீழே போன ஒரு பெண்மணி, மேலே என்ன விசேஷமோ என்று சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார். டாக்டரும் கையசைத்தார். வேறென்ன செய்ய முடியும்?

"போனது போகட்டும், மணிக்கூண்டை நிமிர்த்தினா பாதி ஊர் நின்ன மாதிரி," என்றார் டாக்டர். "கீழே போய் பல் அடைக்கிற பசையும் நீல விளக்கும் கொண்டாங்க. இருபது செகண்டுல கல்லாயிடும்."

கல்லாகத்தான் ஆனது. பசை வைத்து நிமிர்த்தி, நர்சம்மா நீல விளக்கை அடித்து, இருபது எண்ணி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார்கள். கூண்டு நெட்டுக்குத்தாக நிற்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் பக்கத்து வீட்டின்மேல் சாய்ந்திருந்தது. இனி அதை நிமிர்த்த எந்தக் கொம்பனாலும் முடியாது. இருபது வருஷம் உத்தரவாதம் உள்ள பசை.

இது போதாதென்று, வழிந்த பசையில் டாக்டரின் சுண்டுவிரல் பாலத்தோடு சேர்ந்து கல்லாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவி. டாக்டர் பாலத்தோடு போனைக் காதில் வைத்தார்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"ஏன் மூச்சு வாங்குது? ரூமுக்குப் போகலையே?"

"நான் எதுக்கு அங்க போறேன்?"

"சரி. அந்தம்மா நாலு மணிக்கு வரேன்னாங்கல்ல, மூணரைக்கே வர்றாங்களாம். நானே கூட்டிட்டு வந்துடறேன். அப்புறம் இன்னொரு விஷயம்..."

"பேஷன்ட் வந்திருக்காங்க, வாயைத் திறந்து வச்சிருக்காங்க, வச்சுடறேன்!" என்று டாக்டர் போனை வைத்துவிட்டார். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பார்.

மணி இரண்டே முக்கால். நர்சம்மா பாலத்திலிருந்து சுண்டுவிரலை விடுவித்தார். விரல் வந்தது, பாலம் முழுசாக வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது.

"ஏழு பறவை பீரோவுக்குப் பின்னாடி கிடக்கு. அதையாவது எடுப்போம்," என்று நர்சம்மா ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஏறியவர் கீழே பார்க்கவில்லை, பீரோவின் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இங்க ஒரு அட்டைப் பெட்டி இருக்கு."

இறக்கித் திறந்தார்கள். மெல்லிய துணி சுற்றியிருந்தது. விலக்கினால், உள்ளே அதே ஊர். அதே மணிக்கூண்டு, அதே பாலம், அதே ஜன்னல்கள். ஆனால் ஒரு பொட்டு நிறம் கிடையாது. எல்லாமே வெள்ளை வெளேர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். மூன்று மாதமாக அவள் சாப்பாட்டு மேஜையில் இந்த ஊரைப் பற்றித்தான் பேசினாள். எந்தக் காகிதம், எத்தனை மடிப்பு, எங்கே வெட்டு, எல்லாம் சொன்னாள். அவர் மூன்று மாதமும் தவறாமல் "உம்" கொட்டினார். கொட்டிய 'உம்'களில் ஒன்றைக் காது கொடுத்துக் கொட்டியிருந்தால், இப்போது அந்தப் பெட்டியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

"இது என்ன, கலரே அடிக்காம பாதியில விட்டிருக்காங்க?" என்றார் நர்சம்மா.

டாக்டரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

"பாதியில விடல நர்சம்மா. இது அச்சு! நாம என்ன செய்வோம்? பல்லு கட்டறதுக்கு முன்னாடி வெள்ளை மாவுல அச்சு எடுக்கறோமா இல்லையா? அளவெல்லாம் அதுல பாத்துட்டு, அப்புறம்தானே நிறம் பொருத்தி நிஜப் பல்லு? அதே கதைதான். இதுல ஒத்திகை பாத்துட்டு அதைச் செஞ்சிருக்கா."

"ஆமா, அச்சை அப்புறம் நாம தூக்கித்தானே போடுவோம்," என்றார் நர்சம்மா. இருவருக்கும் ஒரே தொழில். சந்தேகம் வர வழியே இல்லை.

நர்சம்மா கீழே போய்க் கருவித் தட்டைக் கொண்டுவந்தார், டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இது அவருக்குத் தெரிந்த வேலை. வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை வெள்ளை ஊரின் மணிக்கூண்டுக்குப் பின்னால் விட்டு, வேர் எங்கே என்று பார்த்தார். ஊசிமுனைக் கத்தியால் சுற்றிலும் கீறினார். குறடால் பிடித்து, இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு. மணிக்கூண்டு வேரோடு வந்தது.

"அடுத்தது?" என்றார்.

பாலம் வந்தது. படிக்கட்டு வந்தது. பதினோரு ஜன்னல், நாலு கூரை, பன்னிரண்டு பறவை. ஒவ்வொன்றையும் நர்சம்மா தட்டில் வாங்கி வரிசையாக அடுக்கினார். சாய்ந்து நின்ற பழைய கூண்டைப் பல் ராவும் மெஷினால் அறுத்து எடுத்தார்கள். பல்லின் நிறம் பார்க்கும் அட்டை கைக்குப் பழகியிருந்ததால் டாக்டருக்கு நிறம் பொருத்துவதும் தண்ணி பட்ட பாடு. வண்ணப் பேனாக்களைக் கலந்து கலந்து பூசி, கூரைக்குக் கூரை, ஜன்னலுக்கு ஜன்னல் பொருத்தினார். மணிக்கூண்டு ஆடாமல் இருக்க அதற்குள் மட்டும் அந்தக் கல்லாகும் பசையை நிறைய அடைத்து நீல விளக்கை அடித்தார்.

மூன்று இருபதுக்கு நாற்காலியில் ஊர் எழுந்து நின்றது. கொஞ்சம் பச்சை பாய்ந்திருந்தது, இருந்தாலும் நின்றது.

பெட்டிக்குள் இருந்த வெள்ளை ஊரில் இப்போது வெறும் ஈறுதான் மிச்சம். நர்சம்மா அதைத் துணியால் பதமாகச் சுற்றி, மூடி, பீரோவின் மேல் பழைய இடத்திலேயே வைத்தார். தட்டையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் பேண்ட்டைப் பின்பக்கம் ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டார்.

மனைவி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் சரக்கு எடுக்கும் அம்மாள், கழுத்தில் கண்ணாடி தொங்க, சிரித்த முகமாக. மனைவியின் கண் நேரே நாற்காலிக்குப் போனது. பச்சையான மஞ்சள் வீட்டைப் பார்த்தாள். விரலால் மணிக்கூண்டைத் தட்டிப் பார்த்தாள். 'டங்' என்றது. காகிதம் அப்படிச் சொல்லாது.

"என்னங்க, இதைத் தொட்டீங்களா?"

டாக்டர் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"உட்கார்ந்துட்டேன்," என்றார். "தெரியாம உட்கார்ந்துட்டேன். உன் மூணு மாச உழைப்பு. எவ்வளவு வேணாலும் திட்டு. கத்தரிக்கோலை மட்டும் பரண்ல போடாத."

அவள் மணிக்கூண்டை இன்னொரு தடவை தட்டினாள். அப்புறம் அவள் சிரித்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். டாக்டர் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"இதுக்கா இப்படி நடுங்கறீங்க? மத்தியானம் முழுக்க எனக்காக உட்கார்ந்து ஒட்டுனீங்களா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒன்பது வருஷத்துல ஒரு அட்டைக்குக்கூடப் பசை தடவித் தந்ததில்ல நீங்க. போங்க, பரவாயில்ல. எனக்குக் கோவமே இல்ல."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மத்தியானத்திலிருந்து இல்லாத தைரியத்தில், மனைவியின் தோளில் கை வைக்கக்கூடப் போனார். இவ்வளவு நல்லவளுக்கா இவ்வளவு பயந்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் சரக்கு எடுக்கும் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஊரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சும்மா அளவு பாக்கறதுக்குக் கலர்ப் பேப்பர்ல செஞ்ச ஒத்திகையே இப்படி இருக்குன்னா, வழியெல்லாம் சொல்லிட்டு வந்தாங்களே, அந்த வெள்ளை ஊர் எப்படி இருக்கும்! ஸ்டூல்ல ஏறி எடுங்க டாக்டர், பீரோ மேலதான் இருக்காம்."