பிரெஞ்சு படிக்க ஒரு கிராபிக்ஸ் கார்ட்

இது நான் நேரில் பார்த்த கதை அல்ல. என்னோடு படித்த றொஷினி சொல்லக் கேட்டது. அவளும் பாதியைத் தகப்பனிடமும் மீதியைத் தாயிடமும் கேட்டவள்தான். இரண்டு பாதியும் பொருந்தாத இடங்களில் நான் தாயின் பாதியை எடுத்திருக்கிறேன்.

றொஷினியின் தகப்பன் அருமைராசா, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் பதினெட்டு வருடம் ட்றக் ஓடியவர். பனியிலும் ஓடினார், காய்ச்சலிலும் ஓடினார். மகள் பிறந்த செய்தியைக்கூடப் பாதிவழியில், கிங்ஸ்ரனில் வைத்துத்தான் கேட்டார். ஒரு செப்டம்பர் காலை, சாமான் இறக்கும் இடத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கில் தலை வைத்தபடி மயங்கிக் கிடந்தார். கியர் விழுந்திருக்கவில்லை. விழுந்திருந்தால் முன்னால் நின்ற இரண்டு தொழிலாளிகளின் வீடுகளிலும் அன்று அழுகை கேட்டிருக்கும்.

மூளைக்குள் மின்சாரம் தடுமாறுகிறது என்றார்கள். குளிசை கொடுத்தார்கள். ட்றக் லைசென்ஸைப் பறித்தார்கள். கார் லைசென்ஸையும் பறித்தார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் மனிதர் மொன்றியலின் வில்லரே பகுதியில், இரண்டாம் மாடி வீட்டில் உட்கார்ந்தார். காலையில் குளித்து, உடுத்து, தேத்தண்ணி குடித்து, பிறகு உடுப்போடு திரும்பவும் படுத்தார். பஸ்ஸில் ஏறினால் ட்றைவருக்குப் பின் சீற்றில் இருந்துகொண்டு, அவன் திருப்பும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் "ம்ஹும்" என்றார். நவம்பரில் சவரம் செய்வதை விட்டார். றொஷினி பயந்தது அப்போதுதான்.

மனைவி சிவமலர் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். "இந்த வீட்டில இனி ஓடுற கதை வேண்டாம். கனவிலயும் ஓடக்கூடாது."

டிசம்பரில் ஒருநாள் அருமைராசா தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். எங்கோ ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர், மேசையில் ஸ்டியரிங் பூட்டி, காலடியில் பிரேக் வைத்து, கணினி விளையாட்டில் பதினெட்டுச் சில்லு ட்றக் ஓடிக்கொண்டிருந்தார். மழை பெய்தது. வைப்பர் ஆடியது. அருமைராசா எழுந்து போய்ச் சவரம் செய்தார்.

ஓடுவேன். எவன் தடுப்பான் பார்ப்போம் என்று கண்ணாடிக்குச் சபதம் சொன்னார். தடுக்கக்கூடியவர் அப்போது குசினியில் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலர், நான் பிரெஞ்சு படிக்கப் போறன்."

"இஞ்ச வந்து இருபத்தாறு வருசம் கழிச்சோ?"

"வீட்டில இருந்தே ஒன்லைனில படிக்கலாமாம். அரசாங்கம் படிப்பிக்குதாம்."

"நல்லது. படியுங்கோ."

"அதுக்கு ஒரு கொம்பியூட்டர் வேணும்."

"றொஷினியின்ர பழைய லப்டொப் கிடக்குத்தானே?"

"அது இழுக்காது. பிரெஞ்சு பாரமான பாஷை."

சிவமலர் அகப்பையை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். மழித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம். வாங்குங்கோ."

இவ்வளவு சுகமாக ஒரு 'ஓம்' கிடைத்தால், புத்தியுள்ள கணவன் அந்த இடத்திலேயே நின்று யோசிப்பான். அருமைராசா கொப்பி வாங்கப் போய்விட்டார்.

கொப்பியின் முதல் பக்கத்தில் 'எண்ணூறு டொலருக்குள்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். பிறகு பாகங்களைத் தனக்கு விளங்கும் பாஷையில் எழுதினார். புரொசெசர், எஞ்சின். மதர்போர்ட், அடிச்சட்டம். பவர் சப்ளை, டீசல். கிராபிக்ஸ் கார்ட், முன்கண்ணாடியும் அதில் தெரியும் றோட்டும். இதில் எதைப் பெருப்பித்தால் எதைச் சிறுப்பிக்க வேண்டும் என்பதில் மனிதர் ஒரு பனிக்காலத்தையே செலவழித்தார். முதல் பட்டியலில் எஞ்சின் பிரமாதம். கண்ணாடி வாங்கக் காசில்லை. இரண்டாம் பட்டியலில் கண்ணாடி பிரமாதம். அது பெட்டிக்குள் போகாது. மூன்றாம் பட்டியலில் எல்லாம் பொருந்தியது. புரொசெசர் மட்டும் மதர்போர்ட்டில் உட்கார மறுத்தது. ஒன்பதாம் பட்டியலில்தான் சமாதானம் வந்தது. போன தலைமுறைப் புரொசெசர், பதினாறு ஜிபி றாம், பாவித்த கிராபிக்ஸ் கார்ட்.

அந்தக் கார்ட்டை நகரின் மறுபக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பெண் விற்றாள். அருமைராசா அதைப் பழைய ட்றக் வாங்குவதுபோல் வாங்கினார். மணந்து பார்த்தார். காத்தாடியை விரலால் சுற்றிப் பார்த்தார். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்டார். அவள் இரண்டு அடி பின்னால் போய் நின்று விலையைக் குறைத்தாள்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. கேள்விகளும் வந்தன.

"உதென்ன, செங்கல் மாதிரி?"

"பவர் சப்ளை. அறுநூற்றைம்பது வாட்."

"பிரெஞ்சுக்கு அவ்வளவு கரண்ட் வேணுமோ?"

"கஷ்டமான வினைச்சொல் வரேக்க கூட இழுக்குமாம்."

"இதில ரெண்டு காத்தாடி இருக்கு."

"கிராபிக்ஸ் கார்ட். சொல்லுக்குச் சொல் படம் காட்டும்."

"அப்ப இந்த மிதிகட்டை?"

அருமைராசா மிதிகட்டையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார். "காலுக்கு. படிக்க இருக்கேக்க இரத்தோட்டம் குறையக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"நல்ல டொக்டர்," என்றார் சிவமலர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிவமலர் பதினொரு வருடமாக ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். என்ன வேலை என்று அருமைராசாவைக் கேட்டால், "ஏதோ பச்சைத் தகட்டில ஈயம் வைக்கிறா" என்பார். அதற்குமேல் அவர் கேட்டதில்லை. பதினெட்டு வருடமும் றோட்டில் இருந்தவருக்குக் கேட்க நேரம் எங்கே?

கேட்காத விஷயம் இன்னொன்றும் இருந்தது. வாசலில் நின்ற கார். பனி அள்ளும் வண்டி வரும்போதெல்லாம் காரை எடுத்து மறுபக்கம் விட வேண்டும். இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கார் அந்தப் பனிக்காலம் முழுவதும் நேரத்துக்கு இடம் மாறியது. கீழ்வீட்டுச் சூசைப்பிள்ளைதான் மாற்றுகிறார் என்று அருமைராசா முடிவுசெய்து, படியில் கண்டபோது நன்றி சொன்னார்.

"பெரிய உதவி, அண்ணை."

சூசைப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எனக்கென்ன தம்பி, நான் சும்மா பக்கத்தில இருக்கிறதுதானே."

அடக்கமான மனிதர் என்று அருமைராசா நினைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மத்தியானம் சிவமலர் வழக்கம்போல் கோயிலுக்குப் போனார். அருமைராசா கதவைச் சாத்திக்கொண்டு கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டத் தொடங்கினார். ஒவ்வொரு ஆணியையும் கிண்ணத்தில் போட்டு எண்ணினார். வயரைக் கட்டுக் கட்டாகக் கட்டினார். ஸ்டியரிங்கை மேசை விளிம்பில் இறுக்கினார். கடைசியில் புரொசெசரின் மேலே வைக்கும் குளிரூட்டியை எடுத்தார். அதன் அடியில், செம்பு பளபளக்கும் இடத்தில், மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கழற்றிவிட்டுப் பூட்டவும் என்று அதில் எழுதியும் இருந்தது.

அந்த வீட்டில் புதுச்சாமானில் ஒட்டியிருப்பதைக் கழற்றும் வழக்கம் இல்லை. ரீவி ரிமோட் பொலித்தீன் உறைக்குள் இருந்தது. சோபா வாங்கி ஏழு வருடம். இன்னும் உட்கார்ந்தால் சரசரத்தது. மைக்ரோவேவின் கண்ணாடியில் விலைச்சீட்டுக்கூடப் பத்திரம். கழற்றினால் கீறு விழும். அருமைராசா அந்தத் தாளின் விளிம்பை நகத்தால் நன்றாக நீவி ஒட்டினார். அதன்மேல் வெப்பப் பசையைப் பூசினார். பூட்டினார்.

ஆளியை அழுத்த, கணினி எழுந்தது. காத்தாடி சுற்றியது. நீல வெளிச்சம் அறையெல்லாம் பரவியது. விளையாட்டில் ஒரு ட்றக் வந்து நின்றது. அருமைராசா சீற்றை இழுத்துக்கொண்டார். எஞ்சின் உறுமியது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவருடைய வலது கால் எதையோ அழுத்த, உலகம் முன்னால் நகர்ந்தது.

மூன்றாவது நிமிடம் எல்லாம் நின்றது. திரை கறுத்தது. காத்தாடியும் நின்றது.

திரும்பப் போட்டார். இரண்டு நிமிடம். திரும்பப் போட்டார். ஒரு நிமிடம். நாலாம் தரம் அவர் ஆளியைத் தொடவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்தார்.

சிவமலர் கதவைத் திறந்தபோது கண்டது அந்த முதுகைத்தான். கைப்பை கீழே விழுந்தது.

"என்னப்பா! ஐயோ, இஞ்சேருங்கோ! என்னைப் பாருங்கோ!"

"கத்தாதையும். எனக்கொண்டுமில்லை." அருமைராசா தலையை நிமிர்த்தினார். கண் சிவந்திருந்தது. "இதுதான் மயங்கினது."

சிவமலர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"திறவுங்கோ."

"என்னத்தை?"

"பெட்டியை."

"உமக்கு உதுகள் விளங்காது, மலர். இது மதர்போர்ட். அதாவது, எல்லாச் சாமானும்—"

"ஒரு நாளைக்கு நூற்றிருபது மதர்போர்ட் செய்யிறன். தள்ளுங்கோ."

முதலில் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கையில் இருந்த மின்சாரத்தை இறக்கினார். ஆணிகளை மூலைக்கு மூலை கழற்றினார். குளிரூட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு புருசனைப் பார்த்தார்.

"இதென்ன?"

"புதுசு பழுதாப்போகாமல்..."

"உள்ளுக்க கொதிக்குது. நீங்கள் பொலித்தீனால மூடியிருக்கிறியள். அது மயங்காமல் என்ன செய்யும்?"

தாளை உரித்தார். சுத்தமாகத் துடைத்தார். மிளகளவு பசை வைத்துத் திரும்பப் பூட்டினார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கணினி எழுந்தது, ட்றக் வந்து நின்றது. பத்து நிமிடம் கழிந்தும் திரை கறுக்கவில்லை.

"உமக்கு எப்ப தெரியும்?" என்றார் அருமைராசா.

"நீங்கள் சவரம் செய்த அண்டைக்கு." சிவமலர் கைப்பையைப் பொறுக்கினார். "ஓடுங்கோ. இதில ஓடினா ஒருத்தரும் சாகமாட்டினம்."

அருமைராசா ஓடினார். தினமும் காலை எட்டுக்கு உடுத்து, சவரம் செய்து, பின்னறையில் ஏறி, பன்னிரண்டுக்கு இறங்கினார். ஒரு கிழமை கழித்து அவருக்கு வெட்கம் தெளிந்தது. படியில் சூசைப்பிள்ளையைப் பிடித்தார்.

"பார்த்தீங்களோ அண்ணை? ஓடக்கூடாது எண்ட மனுசியின்ர வாயாலேயே 'ஓடுங்கோ' எண்டு சொல்ல வைச்சன். எப்பிடி மடக்கினன்!"

"கெட்டிக்காரன்தான் தம்பி," என்றார் சூசைப்பிள்ளை. முகத்தை அவர் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓகஸ்டில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. அருமைராசா சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ் கார்ட்டைத் தேடினார்.

"பஸ் வேண்டாம்," என்றார் சிவமலர். "கார் இருக்கு."

"ஆர் ஓடுறது? சூசைப்பிள்ளை அண்ணை வேலைக்குப் போயிட்டார்."

"நான்."

அருமைராசா சிரித்தார். சிவமலர் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். படத்தில் சிவமலர். கீழே சிவமலரின் பெயர். அருமைராசா அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"பனிக்கு காரை மாத்தினது?"

"நான். அண்ணை பக்கத்தில இருந்தவர்."

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கெண்டு போனது?"

"கோயிலுக்கும்தான் போனனான். பார்க்கிங் பழகினது கோயில் வளவில."

"பனியிலயே ஓடினீரோ?"

"பெல்ற்றைப் போடுங்கோ, நேரம் போகுது."

அருமைராசா பதினெட்டு வருடத்தில் முதல் தரமாகத் தன் சொந்தக் காரில், ட்றைவர் இருக்காத வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். முதல் இரண்டு சந்தியில் "ம்ஹும்" என்றார். மூன்றாம் சந்தியில் சிவமலர் காரை ஓரமாக நிறுத்தி, "இறங்கப் போறியளோ?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் வேறு சத்தம் வரவில்லை.

ஆனால் மனிதர் விடவில்லை. கலியாண வீடு, செத்தவீடு எங்கே கண்டாலும் இப்போது அவர் சொல்வது இதுதான். "நான் பின்னறையில ஓடுறதைப் பார்த்துப் பார்த்துத்தான் மலர் பழகினவ. கொம்பியூட்டரை நான் தெரிஞ்சு வாங்கினபடியால்தான் இண்டைக்கு வீட்டில ஒரு ட்றைவர் இருக்கு." கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். றொஷினியோ, அப்பா விழுந்த பிறகு, அந்தப் பயத்தில்தான் அம்மா பழகப் போனவ என்று சொன்னாள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

இரண்டும் ஒத்துவராததால் நான் சிவமலரிடமே போய்க் கேட்டேன். அவர் மகளும் புருசனும் இல்லாத நேரம் பார்த்துப் பதில் சொன்னார்.

"இவர் மயங்கி விழுந்த வருசம், அதுக்கு முந்தி ஏப்ரலில ஒருநாள், சிக்னலில பச்சை விழுந்தும் இவர் காரை எடுக்கேல்ல. பின்னுக்கு எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறாங்கள். முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் ஆள் அங்க இல்லை. பேந்து என்னைப் பார்த்து, 'ஏன் கத்துறாங்கள்?' எண்டு கேட்டவர். டொக்டரிட்டப் போவம் எண்டு மூண்டு தரம் கெஞ்சினன். 'ட்றக் ஓடுறவனைப் பார்த்துக் கேக்கிற கேள்வியோ இது' எண்டு சிரிச்சவர். நாலாம் தரம் நான் கேக்கேல்ல."

சாரதிப் பள்ளிக் கொப்பியை எடுத்து என் கையில் தந்தார். முதல் வகுப்புக்கு அவர் கையெழுத்து வைத்த நாள் ஜூன் பதினான்கு. அருமைராசா மயங்கி விழுந்தது அதே வருடம் செப்டம்பர் இருபத்திரண்டு. வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்: சரியாக நூறு நாள் முந்தி.