எதிர்ப்புச் சக்தி ஏற்றுகிறவர்

எதிர்ப்புச் சக்தி ஏற்றுகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. கொரோனா காலத்தில் முளைத்து, கொரோனா போன பிறகும் போகாமல் தங்கிவிட்ட ரகம். நீங்கள் ஒரு தும்மல் போட்டால் போதும், "சக்தி பத்தல" என்பார். தும்மாவிட்டால்? "உள்ளுக்குள்ளயே கீது" என்பார்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இந்த ரகத்துக்குத் தசரதன் என்று பெயர். சாமையும் புளியும் விளைவிக்கிற மனிதர். விடிந்ததும் கடுக்காய், மிளகு, மலைத்தேன், கைப்பேசியில் வந்த இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சி, மனைவி மஞ்சுளாவுக்கும் வாசலுக்கு வந்த பால்காரருக்கும் அருவிக்கு வழி கேட்ட சுற்றுலாக்காரருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் முகம் கோணுவதைப் பார்த்து "ஏறுது, ஏறுது" என்று மகிழ்வார்.

மஞ்சுளாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கையை மடக்கவே வராது. மலைக்குக் கீழே மருத்துவமனையில் தந்த மாத்திரையில் வீக்கம் வடிந்ததும், மாசியில் மற்றவர்களோடு புளி தட்ட உட்கார்ந்துவிடலாம் என்று சந்தோஷமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தசரதன் காதில் ஒரு சேதி விழுந்தது. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம்! ஊருக்கெல்லாம் ஏற்றுகிறவர் வீட்டிலேயே குறைப்பா? மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டு, "தீந்துபூட்ச்சி" என்றார். கஷாயத்தை இரண்டு வேளையாக்கினார். மஞ்சுளா கட்டியவரை நம்பினாள்.

மாசி வந்தது. ஒரு புளியம்பழத்தின் ஓட்டைக்கூட அவளால் உடைக்க முடியவில்லை. வலி தாங்காமல் அழுதாள். தசரதன் பயந்துபோய் அவளைப் பஸ் ஏற்றி, அதே மருத்துவமனையில் டாக்டர் பிரியதர்ஷினியிடம் கூட்டிப்போய், ஒளித்ததையும் ஒப்புக்கொண்டார்.

"சண்டை போடுற செல்லு உடம்புல நெறைய இருக்குங்க," என்றார் டாக்டர். "அதுங்க வளர்றப்பவே ரொம்ப முரடா ஆகாம அடக்கி வைக்கிற செல்லும் இருக்கு. ரெகுலேட்டரி டி செல்னு பேரு. இவங்களுக்கு அந்த அடக்குற வேலை சரியா நடக்கல. சண்டைக்கார செல்லு சொந்த மூட்டையே அடிக்குது. அதுக்குத்தான் மாத்திரை. நீங்க சண்டைக்காரனுக்கே சக்தி ஏத்தப் பாத்திருக்கீங்க."

தசரதன் ஆழ்ந்து யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்போ அந்த அடக்குற செல்லுக்கு ஏத்தணும். அதுக்கு இன்னா கஷாயங்க?"

மஞ்சுளா வீங்கிய கையை நீட்டி, டாக்டர் தந்த மாத்திரையைத் தானே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உடம்புல அடக்க ஆளு இல்லன்னா மாத்திரை குடுக்குறீங்க, டாக்டரம்மா. வூட்ல இந்த ஆள அடக்குறதுக்கு இன்னா குடுப்பீங்க?"

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அது கிடக்கட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அந்தக் கஷாயத்தில் கடுக்காயோடு வேறென்னதான் போட்டார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு கணம் ஆசை வந்ததா? வந்திருந்தால், உங்கள் வீட்டில் இருப்பவர்கள் தங்கள் மாத்திரையை இப்போதே இடம் மாற்றி வைப்பது நல்லது.