பட்டியல்காரரின் மதியத் தூக்கம்

மேலாளர் மூன்றாவது முறை மேஜையைத் தட்டிய பிறகுதான் பட்டியல்காரர் கண்ணைத் திறந்தார். திறந்தவுடன் மறுபடி மூடிக்கொண்டுவிடலாமா என்று இருந்தது. நாற்காலியைச் சுற்றி மொத்த அலுவலகமும் நின்றது. டைப்பிஸ்ட் பெண் பாதி சாப்பிட்ட டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, பேயைப் பார்த்த மாதிரி அவரைப் பார்த்தாள்.

"இப்ப என்ன சொன்னீங்கன்னு தெரியுமா சார்?" என்றார் மேலாளர் அம்மா.

"தூங்கிட்டிருந்தேன் மேடம்."

"தூங்கிட்டேதான் சொன்னீங்க. 'இங்க எடுக்கிற கரண்டு எல்லாம் தலைநகரத்துக்குப் போகுது. நமக்கு மட்டும் சாயங்காலமானா இருட்டு. பேசாம பிரிஞ்சு போயிடலாம்.' கணீர்னு சொன்னீங்க."

பட்டியல்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நொடி முன்புவரை அவர் எங்கோ ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். விடிந்தும் விடியாத நேரம். தெருவில் ஒரு விளக்கும் இல்லை. தூரத்தில் ஓர் அணைக்கட்டு மட்டும் பளபளவென்று மின்னியது. அந்தக் கனவின் குளிர் இன்னும் கால் விரலில் மிச்சம் இருந்தது.

எல்லாரும் இப்படிப் பதறியதற்குக் காரணம் உண்டு. அது மத்திய அரசின் வாக்காளர் பட்டியல் அலுவலகம். இறந்தவர்களை நீக்குவது, பதினெட்டு முடிந்தவர்களைச் சேர்ப்பது, வீடு மாறியவர்களைத் தெரு மாற்றுவது என்று பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஊழியராகவே அங்கே காலம் தள்ளியவர் அவர். நாடாளுமன்றத் தேர்தலுக்கு நான்கு வாரம் இருந்தது. மாகாணத்தில் இடதுசாரி, வலதுசாரி, மாகாணத்தையே தனியாகப் பிரித்துக் கேட்கும் தனிநாட்டுக்காரர்கள் என்று மும்முனைப் போட்டி. தேர்தல் முடிந்ததும் அவரை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்தாகும் என்று சொல்லியிருந்தார்கள். கூடவே ஓர் அரசுக் குடியிருப்பும் உண்டு. அவர் மனைவி காவலாளியைத் தாஜா பண்ணி உள்ளே போய், ஜன்னல்களுக்குத் திரை அளவுகூட எடுத்துவிட்டாள்.

பட்டியல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு அரசியல் கருத்து இருக்கக் கூடாது என்பது விதி. இருப்பதாகத் தெரிந்தால் உத்தரவும் போச்சு, ஆளும் போச்சு. இதுவரை அவருக்கு அது ஒரு கஷ்டமாகவே இருந்ததில்லை. டீயா காப்பியா என்று கேட்டால் "எது இருக்கோ அது" என்கிற மனிதர். ஊருக்கே ஓட்டுச் சேர்த்தவர், தன் ஓட்டைப் போட இதுவரை போனதே இல்லை. போய் யாருக்கென்று போடுவது?

மேலாளர் நல்லவர். விஷயம் வெளியே போகக் கூடாது என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டார். பட்டியல்காரரிடம், கொஞ்ச நாளைக்கு மதியம் தூங்காமல் இருக்கும்படி சொன்னார்.

சொல்வது சுலபம். ஒன்று பத்துக்கு எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். அறை காலியாக இருக்கும் என்றுதான் கூட்டுகிற அம்மா அந்த நேரத்துக்கு வாளியோடு வருவாள். ஃபினாயில் வாசனையும் ஈரத்தரையில் வழியும் வெயிலுமாக அறையே ஒரு குளம் மாதிரி ஆகிவிடும். பழையது மாதிரி கடகடக்காமல், போன வாரம் மாட்டிய புது மின்விசிறி சத்தமே இல்லாமல் சுற்றும். கல்லுக்கே கொட்டாவி வரும், பட்டியல்காரர் எம்மாத்திரம். முகம் கழுவினார், நடந்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றபடியே தூங்கிப்போனார்.

கனவில் வரிசையாக ஆட்கள் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றினார்கள். நடுவில் நின்ற ஒருவன் ஒவ்வொரு வாளியிலும் பாதியைக் குடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் தந்தான். பட்டியல்காரருக்குத் தாகம் தாகமாக வந்தது.

"நடுவுல ஏஜென்டு எதுக்கு? கூலியை உழைக்கிறவ கைக்கு நேராக் கொடுங்க," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே இடதுசாரிக் கட்சியின் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஊர்வலம் அப்படியே நின்றது.

சாயங்காலம் அந்தக் கட்சியின் செயலாளர் நேரில் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். டைப்பிஸ்ட் ஒருத்திதான் இதிலும் ஒரு நல்லது இருக்கிறது என்றாள். இனிமேல் இவரைத் தனிநாட்டுக்காரர் என்று யாரும் சொல்ல முடியாதாம்.

மறுநாள் மேலாளர் ஒரு யோசனை செய்தார். தூங்குவதைத் தடுக்க முடியாது, என்ன பேசுகிறார் என்பதையாவது மாற்றலாம். சாப்பிட்டு முடித்ததும் அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் பட்டியல்காரர் பத்துப் பக்கம் உரக்கப் படிக்க வேண்டும். படித்ததுதானே தூக்கத்தில் வரும்? பாவம், மூன்றாம் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார்.

இந்த முறை கனவில் ஒரு தையல் மெஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. துணிக்குப் பதில் காகிதம் தைத்தது. தைத்த காகிதம் அறையை நிறைத்து, வாசலைத் தாண்டி, தெருவில் நதியாகப் போனது. அது அவருக்கு அழகாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"ஒத்தைத் தையல் மெஷினுக்கு ஆறு லைசென்ஸா? கவர்மென்ட் கொஞ்சம் தள்ளி நின்னா நாங்க பொழைச்சுக்குவோம்," என்றார்.

அதை யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். அன்று மாலையே வலதுசாரிக் கட்சி அவர் கண் மூடியிருக்கும் படத்தோடு சுவரொட்டி ஒட்டியது. 'தூங்குபவருக்குப் பொய் சொல்லத் தெரியாது' என்று கீழே எழுதியிருந்தது. விடிவதற்குள் மற்ற இரண்டு கட்சிகளும் அதே படத்தை, அதே வாசகத்தோடு, வேறு வேறு நிறத்தில் ஒட்டின.

வீட்டில் மனைவி சுவரொட்டி ஒன்றைக் கையோடு கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். "நம்ம வீட்ல தையல் மெஷினே கிடையாதே? ஆறு லைசென்ஸ் யாருக்கு? இருபது வருஷமா பக்கத்துல படுக்கிறேன், குறட்டையைத் தவிர ஒண்ணு கேட்டதில்ல. அங்க போய் மட்டும் எப்படிங்க பேச்சு வருது?"

அவருக்கும் தெரியவில்லை. மனைவிக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது, அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பேச்செல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. டைப்பிஸ்ட் எழுதி வைத்ததை வாங்கி, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். ஐம்பது வயதில் தனக்குள் இப்படி ஒரு ஆள் இருந்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்தது.

அடுத்த நாள் முதல் மதியம் ஒரு மணிக்கு அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்தது. மூன்று கட்சிக்காரர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மேலாளர் பட்டியல்காரரைப் பின்கட்டில் இருந்த ஆவண அறைக்கு மாற்றினார். இறந்த வாக்காளர்களின் கோப்புகள் கூரைவரை அடுக்கியிருந்த அந்த இருட்டில் தூக்கம் இன்னும் சுகமாக வந்தது. பேச்சும் வந்தது. கூட்டம் அறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு நடுவில் புகுந்து, "காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க," என்று சலித்துக்கொண்டாள். கண்ணைத் தூங்குபவரிடமிருந்து எடுக்காமலே எல்லாக் கட்சிக்காரர்களும் காலைத் தூக்கினார்கள்.

மூன்று நாள் லீவு போட்டு வீட்டில் படுத்துப் பார்த்தார். மனைவி நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குறட்டைதான் வந்தது, ஒரு கனவுகூட வரவில்லை. இதற்குள் அலுவலக வாசலில், அவரை மத்திய அரசு ஒளித்து வைத்திருக்கிறது என்று மறியல் தொடங்கிவிட்டது. 'எங்கள் உரிமை, அவர் உறக்கம்' என்று கோஷம் போட்டார்கள். மேலாளரே கார் அனுப்பி அவரை அழைத்துக்கொண்டார்.

கோஷத்தில் எப்படித் தூங்குவது? காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். அன்றைக்கு நாற்பது நிமிடம் தூங்கினார், வாயே திறக்கவில்லை. கூட்டம் முதலில் பொறுமையாக இருந்தது. அப்புறம் முணுமுணுத்தது. நாலு மணிக்கெல்லாம் அவர் விலை போய்விட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. எந்தக் கட்சியிடம் என்பதில்தான் தகராறு. அதற்காக அடித்துக்கொண்டதில் அலுவலகத்தின் பெயர்ப் பலகை விழுந்து உடைந்தது.

பலகை உடைந்ததும் தலைநகரத்துக்கு விஷயம் போய்விட்டது. விசாரணை அதிகாரி ஒருவர் தோல் பையோடு வந்து இறங்கினார். சிரித்துப் பழக்கமில்லாத முகம். தூங்குவதைத் தானே நேரில் பார்த்து முடிவு செய்யப் போவதாகச் சொன்னார். பஞ்சு கூடாது, கூட்டம் கூடாது என்றார். அலுவலக ஆட்களும், சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் மனைவியும் மட்டும் சுவரோரம் நின்றார்கள்.

ஒன்று பத்து. கூட்டுகிற அம்மா வாளியோடு வந்தாள். அவளை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஈரத்தரை, வெயில், ஃபினாயில். அதிகாரியே ஒரு கொட்டாவியை விழுங்கினார். பட்டியல்காரர் பயந்துகொண்டேதான் தூங்கினார், ஆனாலும் தூங்கிவிட்டார்.

கனவில் அவர் ஒரு சின்ன வீட்டு வாசலில் நின்றார். வீட்டுக்கு மூன்று கதவுகள். ஒவ்வொரு கதவையும் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார், உள்ளே யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் வாய் தானாகத் திறந்தது.

"கரண்டு கேட்டா பிரிவினைங்கிறாங்க. கூலி கேட்டா இடதுங்கிறாங்க. தையல் மெஷினை நிம்மதியா ஓட்ட விடுங்கன்னா வலதுங்கிறாங்க. நான் கேக்கிறது மூணும் ஒரே வீட்டுக்குத்தான். இதுல யாருக்குன்னு ஓட்டுப் போட?"

டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரி ஒரு வரி விடாமல் எழுதி முடித்து, பட்டியல்காரரைத் தோளில் தட்டி எழுப்பினார். எழுதியதை அவர் முன் வைத்தார்.

"இது உங்க கருத்தா? ஆமான்னா, விதிப்படி நான் செய்ய வேண்டியதைச் செய்யணும். உங்களோடது இல்லைன்னா ஃபைலை மூடிட்டு சாயங்கால ரயில்ல கிளம்பிடுவேன். யோசிச்சுச் சொல்லுங்க."

மேலாளர் கண்ணாலேயே 'இல்லை என்று சொல்' என்றார். மனைவி கையையே ஆட்டிக் காட்டினாள். பட்டியல்காரர் காகிதத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடியிருப்பும் திரைச்சீலையும் கைக்கு வந்துவிடும். ஆனால் இதை இல்லை என்று சொல்லிவிட்டால், அவரிடம் அப்புறம் வேறு என்ன இருக்கிறது? பத்தொன்பது வருடமாக லட்சம் பேரைப் பட்டியலில் ஏற்றியவருக்கு, தானும் அதில் ஒரு பெயர் என்று இந்தச் சில நாட்களாகத்தான் தோன்றியிருந்தது.

"என்னோடதுதான் சார்," என்றார். "ஒவ்வொரு வார்த்தையும் என்னோடது."

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால், வேடிக்கையைப் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படிப் பெருமையாகப் பார்த்ததே இல்லை. அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

"இல்லைங்க, அது என்னோடது," என்று நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கூட்டுகிற அம்மா ஈரத்துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தை அங்கே பலரும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். தான் கான்ட்ராக்ட் ஆள், அதனால் அந்த விதி எதுவும் தனக்குக் கிடையாது, தாராளமாக எழுதிக்கொள்ளலாம் என்றாள். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்கு வருகிறாள் என்றும் சொன்னாள். அப்படியானால் இத்தனை நாள் அவளே ஏன் அதைச் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"சொல்லாம என்னங்க? நாலு வருஷமா தரையைத் துடைச்சிக்கிட்டே இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். முழிச்சிருக்கிறவங்க ஒருத்தரும் காதுல போட்டுக்கல, இவர் ஒருத்தர்தான் தூங்கிட்டாவது கேட்டாரு."