ஸ்ரீகண்டனின் ஜெட்டும் ஆறு மாத விருந்தாளியும்

ஜெட் விமானம் மறுபடியும் வாலைத் தரையில் குத்தி உட்கார்ந்தது.

ஸ்ரீகண்டன் தம் சுட்டுவிரல்கள் இரண்டையும், கையேடு குறித்திருந்த புள்ளிகளில், இறக்கைகளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கியிருந்தார். அவ்வாறு தூக்கினால் விமானம் தரைக்கு இணையாக நிற்க வேண்டும் என்பது ஏழாம் பக்கத்துக் கட்டளை. மூன்றரை அடி நீளமுள்ள அந்த ரிமோட் விமானமோ, ஏழாம் பக்கத்தைப் படித்ததாகவே தெரியவில்லை.

"நாப்பது வருஷம் பாலம் கட்டினேன்னு பீத்திக்கறேளே," என்றாள் வாசலில் நின்றிருந்த ஜெயலக்ஷ்மி. "ஒரு தெர்மாகோல் பொம்மை நிக்கமாட்டேங்கறதே!"

"பாலத்துக்கு வால் கிடையாது, ஜெயா."

"இன்னிக்கு வியாழன். ஞாயித்துக்கிழமை இது பறக்கலேன்னா இந்த ரூம் சுதீருக்கு. அப்புறம் பேச்சு மாறப்படாது."

பொதுப்பணித்துறையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, வைட்ஃபீல்ட் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது அறையே ஸ்ரீகண்டனின் தொழிற்கூடமும் சாம்ராஜ்யமும் ஆகும். அதற்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. ஜெயலக்ஷ்மியின் தம்பி சுதீருக்கு மைசூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு ஆறு மாத மாற்றல். சென்ற ஆண்டு அவன் பத்தே நாள் தங்கினான். விடியற்காலை ஐந்து மணிக்கு வாய் கொப்பளிக்கும் ஓசையிலேயே கட்டடம் முழுவதையும் எழுப்பினான்; ஸ்ரீகண்டனின் நாற்காலியில் அமர்ந்துகொண்டு ஸ்ரீகண்டனின் முழங்கால்வலிக்கு வைத்தியம் சொன்னான். ஆறு மாதம் என்பது பதினெட்டுப் பத்து நாள்கள் என்று கணக்கிட்டபோது அவருக்கு முழங்கால் தானாகவே வலித்தது.

வால் கனத்தால் மூக்கில் சுமை சேர்க்க வேண்டும். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இயற்பியல். உடனே சிவாஜிநகருக்குப் பஸ் ஏறி, கார் சக்கரங்களில் சமநிலைக்காக ஒட்டும் ஈயப் பட்டைகளை ஒரு டயர்க் கடையில் கேட்டார்.

"என்ன வண்டி சார்?" என்றார் கடைக்காரர்.

"ஜெட் விமானம்."

கடைக்காரர் இமைகூடக் கொட்டவில்லை. "டியூப்லெஸ்ஸா?"

அன்று மாலை மூக்கில் ஈயம் ஒட்டப்பட்டது. விமானம் விரல்களின்மேல் அசையாமல் நின்றது. ஸ்ரீகண்டன் நிம்மதியாக உறங்கினார்.

வெள்ளிக்கிழமை, ஜெட்டின் உள்விசிறியை ஓட்டிப் பார்ப்பதற்காகப் பாட்டரியைக் கொண்டுவந்தார். அத்தகைய பாட்டரிகள் தீப்பிடிக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் படித்த நாளிலிருந்து, ஜெயலக்ஷ்மியின் ஆணைப்படி அது பால்கனியில், பழைய பிரஷர் குக்கருக்குள் வசித்து வந்தது. அதை விமானத்துக்குள் பொருத்திச் சோதனையை முடித்ததும், அப்படியே விமானத்தை விரல்களில் ஏந்தினார். மூக்கு பாதாளத்தை நோக்கிப் பாய்ந்தது.

"ஈயம் அதிகமாகிவிட்டது போலும்" என்று முடிவு செய்து, வாலில் நான்கு பட்டைகள் ஒட்டிச் சமன்படுத்தினார். பிறகு, வீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகனாய்ப் பாட்டரியைக் குக்கருக்குள் திரும்ப வைத்து மூடினார்.

சனிக்கிழமை காலை எழுந்து தூக்கிப் பார்த்தால், வால் தொங்கியது. மூக்கில் ஆறு பட்டைகள் ஏறின. மதியம் பாட்டரியுடன் இன்னொரு சோதனை, மூக்கு தொங்கியது. வாலில் எட்டு. இந்தக் களேபரத்தில் இடப்பக்க இறக்கை சாய, வலப்பக்கத்துக்கும் இரண்டு கிடைத்தன.

மர்பி டவுனிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பாஞ்சாலி, துடைப்பதற்காக விமானத்தை நகர்த்தப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது, கேஸ் சிலிண்டர் கணக்கா கனக்குது! காலைல வாலு தொங்குச்சு, இப்ப மூக்கு தொங்குது. கண்ணு பட்டிருக்கும்."

"விஞ்ஞானத்துல கண்ணுக்கெல்லாம் இடமில்லை, பாஞ்சாலி."

"அப்ப எதுக்கு நாலு எலுமிச்சம்பழம் வாங்கியாந்து வெச்சிருக்கீங்க?"

"அது சக்கரத்துக்கு அடியில வெக்கறதுக்கு. அது வேற டிபார்ட்மெண்ட்."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே ரிமோட் விமான மன்றத்தின் தார் ஓடுதளத்தில் பதினைந்து பேர் கூடியிருந்தனர். ஜெயலக்ஷ்மியும் தீர்ப்பு வழங்க வந்த நீதிபதியைப் போலக் குடை பிடித்து நின்றாள். மன்றத்தின் முதல்தர விமானி லாயிட், தன் விமானத்தைப் பறக்கவிட்டு முடிக்கும்வரை எவருக்கும் முகங்கொடுக்காதவன். அன்றோ அதை அப்படியே கீழே வைத்துவிட்டு நேராக ஸ்ரீகண்டனிடம் வந்தான். ஜெட்டைத் தூக்கியவன் தள்ளாடினான்.

"சார், இது பிளேனா, பீரோவா?"

"பேலன்ஸ் பண்ணியிருக்கேன்," என்றார் ஸ்ரீகண்டன் கம்பீரம் குறையாமல்.

"பேலன்ஸ் பண்ணும்போது பாட்டரி எங்க இருந்துச்சு?"

"சில தடவை உள்ள இருந்தது. மத்த நேரமெல்லாம் குக்கர்ல."

லாயிட் ஜெட்டை மெல்லக் கீழே வைத்தான். "எத்தன விசில் சார்?"

பிறகு அவன் வேலையில் இறங்கினான். ஈயப் பட்டைகள் அத்தனையையும் பிய்த்தெறிந்தான். பாட்டரியை உள்ளே வைத்து, விரற்கடை அளவு முன்னே தள்ளிக் கட்டினான். "இப்ப தூக்குங்க."

ஸ்ரீகண்டன் தூக்கினார். விமானம் அவர் விரல்களின்மேல், குளத்து நீர்போல் சமமாய் நின்றது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. விசிறி சீறிற்று. எட்டு மாதம் கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகிய விரல்கள் ரிமோட்டை லாகவமாக இயக்கின. ஜெட் ஓடியது, எழுந்தது, வானத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒரு வட்டம், இரண்டு வட்டம், மூன்றாவதில் தலைக்குமேல் தாழப் பறந்து, ஜெயலக்ஷ்மியின் குடையைப் படபடக்க வைத்தது. பின்னர், பூ உதிர்வதுபோல் ஓடுதளத்தில் இறங்கி, சரியாக அவர் காலடியில் வந்து நின்றது.

பதினைந்து பேரும் கைதட்டினர். ஸ்ரீகண்டனுக்கு மார்பு விரிந்து, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

"பார்த்தியா ஜெயா! ரூம் என்னோடது!"

ஜெயலக்ஷ்மி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அப்படியே கைப்பேசியை எடுத்துத் தம்பியை அழைத்தாள். "என்னடா பண்றது சுதீர், அத்திம்பேர் ஜெயிச்சுட்டார். சொன்ன வார்த்தையை மீற முடியுமா? நீ வேற இடம் பார்த்துக்கோடா கண்ணா," என்று தழுதழுத்தவாறே காரை நோக்கி நடந்தாள்.

வெற்றி மனிதனின் இதயத்தை விசாலமாக்கும். மனைவியின் குனிந்த முதுகைப் பார்க்கப் பார்க்க ஸ்ரீகண்டனுக்கு மனம் இளகியது.

"பாவம் லாயிட், கூடப் பிறந்தவன் இல்லையா? நான் ஜெயிச்சாச்சு, அது போதும். பெரிய மனசு பண்ணி, ரூமைச் சுதீருக்கே கொடுத்துடலாம்னு பார்க்கறேன்."

லாயிட் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ சார், அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க! 'என் தம்பிய வராதேன்னு என் வாயால சொல்ல முடியாது, எப்படியாவது அந்த ஜெட்டப் பறக்க வெச்சுடு லாயிட்'னு ஆண்ட்டி இந்த வாரம் நாலு தடவ எனக்கு போன் பண்ணி அழுதாங்க!"