எட்டாவது ஜாடி

என் மனைவியை வேலைக்குப் போகாமல் தடுத்தே தீருவது என்று 1991 ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பல் துலக்கும்போது முடிவு செய்தேன். அதற்கு ஒரு கொரியப் பேயைப் பயன்படுத்துவது என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிட்டது.

காரணத்தை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஒரகடம் பக்கத்தில் ரப்பர் வளையங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பிரஸ் ஆபரேட்டர், ரப்பரை மிஷினில் அழுத்தி வளையமாக்குபவன். வீட்டில் சூப்பர்வைசர். பெண் பார்க்கப் போன அன்று என் மாமா வாய்க்கு வந்தபடி கொடுத்த பதவி உயர்வு அது. ஆறு வருஷமாகத் திருத்தச் சமயம் கிடைக்கவில்லை. காலையில் பையில் பேனா குத்திய வெள்ளைச் சட்டையோடு பிள்ளைப்பாக்கத்திலிருந்து கிளம்புவேன். கம்பெனி கேட்டைத் தாண்டியதும் காக்கி. சாயங்காலம் மறுபடியும் வெள்ளை.

எங்கள் கல்யாணம் பெயர்ப் பொருத்தத்தில் நடந்தது. நான் ஏகாம்பரநாதன், அவள் ஏலவார்குழலி. காஞ்சிபுரத்தில் சாமியும் அம்மனும். அங்கே அம்மன் கட்டிப்பிடித்ததும் சாமி குழைந்தார் என்பார்கள். நான் குழைவதற்கு அவ்வளவு சிரமம் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும்.

எங்கள் கம்பெனியில் பரிசோதனை மேஜைக்குப் பெண்கள் தேவை என்று பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் குழலி படித்துவிட்டாள்.

"பத்தாவது பாஸ் போதுமாம். நான் பாஸு."

"அது கஷ்டமான வேலை குழலி."

"உக்காந்துகினு வளையத்தப் பாக்கறதுல இன்னா கஷ்டம்?"

"அதான் கஷ்டம். தட்டுல நூறு வளையம் வெப்பாங்க. எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். அதுல ஏழுதான் கோணல். அரை மணி நேரம் கண்ணு நகராம, வாயத் தொறக்காம பாத்து எடுக்கணும். அதான் டெஸ்ட்டு. உன்னால ஆவுமா?"

"நீங்கதான் சூப்பர்வைசராச்சே. எனக்காவ ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்க?"

"மாட்டேன். நேர்மைன்னு ஒண்ணு கீது இல்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அரிசி களையப் போய்விட்டாள். விண்ணப்பத்தை நிரப்பும் முகம் அது. எனக்குத் தெரியும்.

பார்க் சார் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தார். கொரியாவிலிருந்து மரப்பெட்டிகளில் வந்த புது பிரஸ்ஸை நிறுத்திக் கொடுக்க வந்திருந்த இன்ஜினியர். ஊருக்குத் திரும்பும் நண்பரின் பெட்டியில் இடமில்லாமல் போன வீடியோ கேசட் ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தார். பேய்ப் படம். பயமாக இருக்குமா என்று கேட்டேன். "ஸ்லோ" என்றார். "ஸ்லோ, ஸ்லோ, ஸ்லோ." பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் காட்டினார்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"அந்த மிஷின் பெட்டியோட ஒரு பேயும் வந்துருக்குதாம் குழலி. கொரியாப் பேய். பொம்பளைங்களத்தான் புடிக்குமாம்."

"கஸ்டம்ஸ்ல பாக்கலியா?"

"வெளையாடாத. அது எப்படிப் புடிக்கும்னு படமே எடுத்து வெச்சிருக்காங்க. கேசட்டு என் கைல கீது."

பக்கத்து வீட்டு ராஜாமணி அண்ணனிடம் வீடியோ டெக் இருந்தது. துபாயிலிருந்து மைத்துனன் அனுப்பியது. மூன்று மணிக்கு ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கினோம். ராஜாமணியும் அவர் மனைவி ஞானம்மா அக்காவும் கட்டிலில். நானும் குழலியும் பாயில். அக்கா மடியில் ஒரு முறம் முருங்கைக்கீரை.

படம் ஒரு வீட்டைக் காட்டியது. கொல்லையில் வரிசையாகக் கறுப்பு ஜாடிகள். ஒரு பெண் வந்து ஒரு ஜாடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். போனாள். காற்றடித்தது. உள்ளே ஒரு கிழவி இருமினாள். புருஷன் வேலைக்குக் கிளம்பினான். அந்தப் பெண் மறுபடி வந்து ஜாடியைத் திறந்தாள்.

"பேய் எங்கப்பா?" என்றார் ராஜாமணி.

"வரும்ணே."

"எப்ப வரும்?"

"ஸ்லோவா வரும்."

அரை மணி நேரத்தில் நான்கு முறை ஜாடி திறக்கப்பட்டது. கிழவி ஒன்பது முறை இருமினாள்.

"அந்தப் பாட்டிக்கு யாராச்சும் கொஞ்சம் மிளகு ரசம் வெச்சிக் குடுத்தா இன்னா?" என்றார் ஞானம்மா அக்கா. "மருமவ ஊறுகாயிலயே கண்ணா கீறா."

"அது முட்டைகோஸுக்கா. அந்த ஊர்ல அதத்தான் ஊறப்போடுவாங்க."

"கோஸையா? இயேசுவே." படம் முழுவதிலும் அவர் பயந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

ஒரு மணி நேரம் ஆனபோது ராஜாமணி குறட்டை விட்டார். கீரையை ஆய்ந்து முடித்த அக்கா, டீ போடப் போனார். நான் திரையைப் பார்க்கவே இல்லை. என் வேலை குழலியின் முகத்தைப் பார்ப்பது. பயம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால், அதற்கேற்ப இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். முகம் அசையவில்லை. வாய் திறக்கவில்லை. கண் நகரவில்லை. பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

திடீரென்று அவள் முகத்தில் வெள்ளை வெளிச்சம் விழுந்து மறைந்தது. திரும்பினேன். எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"வந்துச்சா?" என்றார் ராஜாமணி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"வந்துட்டுப் போயிடுச்சு" என்றாள் குழலி.

"யாருக்குமே சொல்லாமயா?" அக்கா டீத் தட்டோடு நின்றார்.

"அது ரொம்ப நேரமா அங்கதான் இருந்துச்சுக்கா. மொதல் சீன்ல ஜாடி ஏழு. ரெண்டாவது தபா காத்தடிச்சப்புறம் எட்டு. அந்த எட்டாவதுதான் அது. அவ தெனம் எண்ணிப் பாக்கறா, அதான் தொறந்து தொறந்து மூடறா. வூட்ல யாருக்கும் தெரியல. புருஷன் வேற மொதல்லேருந்தே பொய்."

"இன்னா பொய்?" என்றேன்.

"மண்வெட்டியத் தூக்கிகினு வயலுக்குப் போறா மாதிரி போறான். சாயங்காலம் வர்றான். செருப்புல சேறே இல்ல."

ராஜாமணி அது படமே இல்லை, யாரோ கல்யாண வீடியோ எடுக்கும் முன்னால் கேமராவைச் சோதித்துப் பார்த்தது என்றார். அக்கா கதை நல்ல கதைதான், ரசம் மட்டும் வைத்திருக்கலாம் என்றார். நான் குழலியிடம் மெதுவாகக் கேட்டேன்: "பயமா கீதா?"

"கீது" என்றாள். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது.

அடுத்த பத்து நாளும் அவள் வேலை பற்றிப் பேசவில்லை. வேலியோரம் அக்காவைப் பார்த்தபோது சந்தோஷம் இன்னும் கூடியது.

"தம்பி, உன் சம்சாரம் மத்தியானத்துல வந்து அந்த ஜாடிப் படத்தையே போட்டுப் பாக்குது. நாலு தபா ஆயிடுச்சு. பேச்சு மூச்சு இல்ல. உங்க கோயில்லயே ஒருவாட்டி வேப்பிலை அடிச்சிட்டு வந்துடேன்."

ஆழமாகப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். "கம்பெனிப் பக்கம் மட்டும் வந்துடாத குழலி. அங்க அது இன்னும் உக்கிரமா கீது." அவள் தலையாட்டினாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். இப்படிப்பட்ட நாட்கள் ஒரு புருஷனுக்கு அதிகம் வாய்ப்பதில்லை.

மறுவாரம் புதன்கிழமை, கேன்டீனில் உண்மையான சூப்பர்வைசர் சுப்பராயன் என் எதிரில் தட்டோடு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு டெஸ்ட்டுல ஒரு அம்மா வந்துதுய்யா ஏகாம்பரம். அரை மணி நேரம் கண்ணே சிமிட்டல. நாம தட்டுல கலந்து வெச்ச கோணல் ஏழு. அது எடுத்தது எட்டு. தப்புன்னு சொன்னேன். எட்டாவத லென்ஸ்ல பாரு சார்னுது. பார்க் சார் பாத்தாரு. ஓரத்துல மயிரிழை மாதிரி பிசிறு! நல்ல வளையம்னு நாமளே வெச்சது. அந்த ஆள் எழுந்து நின்னு குனிஞ்சி வணக்கம் வெச்சாரு."

"எந்த ஊராம்?" என்றேன்.

"உங்க பிள்ளைப்பாக்கம்தான். எட்டாவது எந்த பிரஸ்ல போட்டதுன்னு கேட்டாரு. நம்பர் பாத்தோம். உன் பிரஸ்ஸு. கொஞ்சம் கவனமா இருய்யா."

சாயங்காலம் வெள்ளைச் சட்டையில் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் வேலை உத்தரவு, பிள்ளையார் படத்தடியில், குங்குமப் பொட்டோடு. குழலி காப்பி கொண்டுவந்தாள்.

"பயமா கீதுன்னியே" என்றேன்.

"டெஸ்ட்ட நெனச்சித்தான். ஏழுல ஒண்ண வுட்டுட்டா இன்னா பண்றதுன்னு. நீங்க குடுத்த கேசட்டு பழக நல்லா இருந்துச்சு. திங்கக்கிழமலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

ஆறு வருஷத்துப் பொய்யை நானே ஒப்புக்கொண்டுவிடுவது கௌரவம் என்று தோன்றியது. தொண்டையைச் செருமினேன். "குழலி, கம்பெனியில என் விஷயம் ஒண்ணு…"

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நகங்களில் இருந்த கறுப்பைப் பார்த்தாள். புதிதாகப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"அந்தக் காக்கிச் சட்டைய இனிமே வூட்டுக்கே கொண்டாந்துடுங்க, நான் தொவச்சித் தர்றேன். அதுல கீற அழுக்கு வளையத்துல ஒட்டுனா, ரிஜெக்ட் பண்ண வேண்டியவ நான்தான்."