வாலாம்பாளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்பது குறித்து

மாட்டுங்கா, மும்பை, சனிக்கிழமை.

1. இதை எழுதுபவனாகிய நான், பத்ரிநாராயணன், வயது அறுபத்தெட்டு, ஓய்வுபெற்ற நோட்டரி வக்கீல், உன் தாயாரின் உடன்பிறந்த சகோதரன்.
2. வெறும் கடிதமே ஆனாலும், இரண்டு சாட்சிகள் முழுவதும் படித்துக் கையெழுத்திடாமல் எந்தத் தாளையும் நான் வீட்டை விட்டு அனுப்புவதில்லை என்பது நீ அறிந்ததே.

சிரஞ்சீவி மானசாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். இங்கு யாவரும் சௌக்கியம். இந்த வாக்கியம் நாளை மதியச் சாப்பாடு வரை மட்டுமே செல்லும்.

உண்மைகள் பின்வருமாறு. என் மகன் நிகில் தாணே கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தாராவியில் வெயிலுமுத்து என்கிற நண்பரோடு சேர்ந்து முறுக்கு போடுகிறான். போன மாதம் என்னிடம் சொன்னான்: “அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்பா. நானே மெதுவா சொல்லிக்கறேன். டென்ஷன் மத் லோ, கவலையே வேண்டாம்.” வாக்குக் கொடுத்தேன். பத்தாம் நாள், சயானில் குடியிருக்கும் என் மகள் சாதனா வந்து, நிகில் தன்னிடமும் சொன்னதாகவும், அதைத் தான் அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும், “அப்பாகிட்ட மூச்சு விடாதேடி, பிபி ஏறிடும்” என்று அம்மா தன்னிடம் வாக்கு வாங்கியிருப்பதாகவும், அதை மீறித்தான் இப்போது என்னிடம் சொல்வதாகவும், தான் சொன்னது யாருக்கும் தெரியக் கூடாது என்றும் என்னிடம் இன்னொரு வாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஆக எனக்குத் தெரியும், என் மனைவி வாலாம்பாளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று அவள் நினைப்பதும் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்று நிகில் நினைப்பதும் எனக்குத் தெரியும், நாளை நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நான்கு பேருக்கும் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் சாம்பார் விட்டுக்கணும், அதுல அவன் பாட்டுக்கு முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து வச்சா, எங்கேடா வாங்கினேன்னு கேட்டாலும் ஆபத்து, கேக்காம இருந்தாலும் சந்தேகம், இதையெல்லாம் யோசிச்சு பிபி நிஜமாவே ஏறிண்டிருக்கு.

நிபந்தனைப் பட்டியல் ஒன்று முழுவதும் ஒருசேர நிறைவேற வழி உண்டா, அதைக் கண்டறியக் கணினிக்கு எவ்வளவு பாடு என்று ஆராய்வதே உன் தொழில் ஆகையால், வியாழனன்று பெயர்களை வெளியிடாமல் உன்னைக் கேட்டேன். “வெறும் நிபந்தனைன்னா, மாமா, யாராவது ஒரு விடையை ஊகிச்சுக் கொடுத்தா சரிபார்க்கறது சுலபம். அவளுக்குத் தெரியும்கறது இவனுக்குத் தெரியும்னு அடுக்க ஆரம்பிச்சா அது மோடல் லாஜிக். ஒவ்வொரு ‘தெரியும்’க்கும் ஒரு கிளை, கிளைக்குள்ள கிளை. எழுதி அழிச்சு எழுதினா ஒரே தாள் போதும், ஆயுசுதான் போறாது” என்றாய். பிறகு சொன்னதுதான் எனக்கு அமிர்தம். தெரியும் என்று மொட்டையாக விடாமல், எந்த ஆதாரத்தால் தெரியும் என்று பக்கத்திலேயே எழுதினால் அது ஜஸ்டிஃபிகேஷன் லாஜிக். அதில் சிக்கல் ஒரு படி இறங்குவதாக நம்பப்படுகிறது. “இறங்கும், ஆனா லேசாயிடாது மாமா. அவசரப்படாதீங்கோ” என்று எச்சரித்ததையும் கவனித்தேன். கவனித்துவிட்டே மேலே போகிறேன். தெரியும் என்றால் ஆவணம் எங்கே என்று நாற்பது வருஷம் கோர்ட்டில் கேட்டவன் நான்.

ஆகவே ஆதாரங்களை இணைத்துள்ளேன். சான்று அ: நிகிலின் ராஜிநாமாக் கடிதம், நகல். சான்று ஆ: வாலாம்பாள் சாதனாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, “நீ கொண்டுவந்த அவன் முறுக்கு நன்னாத்தான் இருக்கு. எள்ளுதான் வாசனையே இல்லை.” நால்வரில் ஒருவரும் வாக்குத் தவறாமல் சாப்பிட்டு எழ வழி உண்டா என்பதை நாளைக் காலை பதினோரு மணிக்குள் எழுத்துமூலம் தெரிவி. உண்டென்றால் அட்சரம் பிசகாமல் நடப்பேன். இல்லையென்றால், இல்லை என்பதற்கும் ஆதாரம் வேண்டும். நகல் வாட்ஸ்அப்பில், மூலப்பிரதி தபாலில்.

நீ எடுத்த ஆராய்ச்சி குறைவின்றி நிறைவேறி, தீர்க்காயுசாக இரு.

(ஒப்பம்) பத்ரிநாராயணன்

சாட்சிகள், முழுவதும் படித்த பின்:
1. வாலாம்பாள்
2. நிகில்

பி.கு.: வழக்கமாகச் சாட்சி போடும் எதிர்வீட்டுத் திருவேங்கடமும் அவர் மனைவியும் செம்பூர் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது வாலாம்பாளும், ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்ட நிகிலும். சொத்து கைமாறாத தாளில் குடும்பத்தார் சாட்சி போடத் தடையில்லை என்பதை மட்டும் சரிபார்த்தேன். “எங்கே போடணும், காட்டுங்கோ” என்று வாலாம்பாள் பேனாவை எடுத்தாள். படிக்காமல் போடக் கூடாது என்று இருவரையும் உட்கார வைத்தவன் நானே. படித்தார்கள். வாலாம்பாள் கண்ணாடியைக் கழற்றி நிகிலைப் பார்த்து, “எள்ளை வறுத்துட்டுப் போடுடா, மண்டு” என்றாள். திங்களன்று தாராவிக்கே போய் மாவு பிசைந்து காட்டப்போகிறாள்.

ஆகவே என் கேள்வியை வாபஸ் பெறுகிறேன். நிபந்தனை ஒன்றே ஒன்று பாக்கி: நான் வாக்கு மீறியது சாதனாவுக்குத் தெரியக் கூடாது. நாளை அவளும் சாப்பிட வருகிறாள். பதினோரு மணிக் கெடுவில் மாற்றமில்லை.